புகையில்லா வண்டியும் பிள்ளை பெற்ற அறையும்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினார். இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. வத்தலக்குண்டுக் கடைவீதியில் அந்த வண்டி அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், புகை வராது, சத்தம் வராது என்று கடைக்காரன் அடுக்கியிருக்கிறான். மலை ஏறாது என்பதை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி மூச்சை விட்டுவிட, ஆரஞ்சு ஏற்றப் போன காலி லாரியில் அதைத் தூக்கிப் போட்டுக்கொண்டு டாக்டர் மேலே வந்து சேர்ந்தார். "எறக்கத்துல அருமையா போகுது சிஸ்டர்" என்று என்னிடம் பெருமைப்பட்டார். இறக்கத்தில் விட்டால் என் மாமியார் வீட்டு ஆட்டுக்கல்லும் அருமையாகத்தான் போகும். மேலதிகாரி ஆயிற்றே என்று சொல்லாமல் விட்டேன்.

நான் கிராம சுகாதார செவிலியர். அது அரசாங்கம் வைத்த பெயர். ஊரில் நர்ஸம்மா. பெரும்பாறைக்குக் கீழே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் ஒழுகும் கூரையோடு இருந்த துணை சுகாதார நிலையம்தான் என் ராஜ்யம். கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பது, பிள்ளைகளுக்கு ஊசி போடுவது, இரண்டு பெற்றவளிடம் மூன்றாவது வேண்டாம் என்று கெஞ்சுவது, ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது எல்லாம் என் வேலை. அந்த மாத்திரையைத் தின்றால் வாய் துருப்பிடித்த மாதிரி இருக்கிறது என்று பெண்கள் அதைக் கொல்லைப்பக்கம் வீசிவிடுவார்கள். எங்கள் பகுதிக் கோழிகளுக்கு ரத்தசோகையே கிடையாது.

தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், இருந்தவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். வந்து எத்தனையோ வருடம் ஆகியும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வார்கள். முடியாது என்பதற்கு ஏலாது என்பார்கள். நான் எதைச் சொன்னாலும் முதல் பதில் அந்த ஏலாதுதான். காப்பிக் காட்டில் வருடம் முழுக்க வேலை இல்லை. அதனால் லயத்துப் பெண்கள் சிலர் பேட்டரி ஷெட்டுக்குப் போனார்கள்.

அந்த ஷெட்டை நடத்தியவன் வத்தலக்குண்டுக்காரன். காப்பிக்கொட்டை கழுவுகிற பழைய கொட்டகை ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. பக்கத்திலேயே ஓடை. கேட்க ஆள் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டான். லாரியிலும் ஜீப்பிலும் செத்துப்போன பேட்டரிகள் மூட்டை மூட்டையாக வரும். பெரிய ஊர்களில் முன்னாடியே ஓடிய எலக்ட்ரிக் ஸ்கூட்டர்களின் பேட்டரிகளும் புதிதாக வர ஆரம்பித்திருந்தன. அவை ஒரு வருடம்கூட ஓடாமல் செத்தன. பெண்கள் அருவாளால் பெட்டியைப் பிளப்பார்கள். உள்ளே இருக்கும் திராவகத்தை ஓடைப்பக்கம் கவிழ்ப்பார்கள். காரீயத் தகடுகளை உருவி எடுத்து இரும்புச் சட்டியில் போட, ஷெட்டுக்காரனின் ஆட்கள் அதை உருக்கிக் கட்டியாக வார்ப்பார்கள். கட்டிகள் புதுப் பேட்டரி செய்யும் கம்பெனிகளுக்குப் போகும்.

காரீயத்தைப் பூமியிலிருந்து தோண்டும் சுரங்கங்கள் எங்கோ வடக்கே இருக்கின்றனவாம். எங்கள் மலையில் இருந்ததும் ஒரு சுரங்கம்தான். மண்ணுக்குப் பதில் செத்த பேட்டரியைத் தோண்டினார்கள். வடக்கே இருப்பவர்களுக்காவது தலையில் ஒரு தொப்பி கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த ஷெட்டில் அருவாள் பிடித்தவர்களில் ஒருத்தியைச் சிரிப்புக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். நான் எடை பார்த்தால் சிரிப்பாள், திட்டினால் இன்னும் நன்றாகச் சிரிப்பாள். இரண்டு முறை பிள்ளை பெற்றவள். இரண்டும் மாதம் நிறையாமல் பிறந்து, சில நாட்களிலேயே போய்விட்டன. அந்த இரண்டு தடவையும் சிரிப்புக்காரி என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது மூன்றாவது வயிற்றில். இது தங்க வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை. அவளைவிட அதிகமாக அவள் மாமியார் வேண்டிக்கொண்டாள்.

சிரிப்புக்காரிக்கு ரத்தம் ஏறவே இல்லை. மற்றவர்களைப்போல் இவள் மாத்திரையைக் கோழிக்குப் போடவில்லை. என் கண்ணெதிரே விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுச் சிரிப்பாள். அடுத்த மாதம் பார்த்தால் கண்ணின் கீழிமை அப்படியே வெளுத்துக் கிடக்கும். கூடவே வயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலி. மாமியார் அதைக் குடலேற்றம் என்று முடிவுகட்டி, விளக்கெண்ணெய் தடவி வழித்துவிடுவாள். டாக்டர் பூச்சி மாத்திரை எழுதினார். மாமியாரின் எண்ணெயும் டாக்டரின் மாத்திரையும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் தோற்றன.

விஷயம் வெளியே வந்ததற்கு அந்த ஸ்கூட்டர்தான் காரணம்.

லயத்தில் தடுப்பூசி முகாம். டாக்டர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகிறேன். நான் கொஞ்சம் கனத்த உடம்பு. பேட்டரி ஷெட்டுக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றம் வரும், ஆடு மாடுகூட யோசிக்காமல் ஏறுகிற ஏற்றம். அங்கே வண்டி நின்றது.

"சிஸ்டர், கொஞ்சம் எறங்குறீங்களா?" என்றார் டாக்டர். இறங்கினேன். அப்படியும் நகரவில்லை. "கொஞ்சம் தள்ளுறீங்களா?" என்றார். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ளினேன். அரசாங்கம் எனக்குக் கொடுத்த பயிற்சியில் இது மட்டும்தான் விட்டுப்போயிருந்தது. ஷெட்டிலிருந்து பெண்கள் எல்லோரும் அருவாளைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

சிரிப்புக்காரி முன்னால் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நர்ஸம்மா, வண்டிக்கு ரத்தசோகை போல. ஒரு மாத்திரை குடுங்க, தள்ள வேண்டியதில்ல" என்றாள்.

காடே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். டாக்டர் முறைப்பதற்காகத் தலையைத் தூக்கியவர், அவள் வாயைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

"இன்னொரு தடவை சிரிம்மா" என்றார்.

அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். "ஏன் சார், ஒருக்கா சிரிச்சது பத்தலையா?"

டாக்டர் வண்டியை ரோட்டோரம் சாய்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு கிட்டே போனார். அவள் உதட்டை விரலால் ஒதுக்கச் சொல்லிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பேனாவால் இழுத்த மாதிரி ஒரு கருநீலக் கோடு. எத்தனையோ தடவை அந்த வாயைத் திறக்கச் சொல்லி மாத்திரை போயிற்றா என்று பார்த்திருக்கிறேன். நாக்கைத்தான் பார்த்தேன், ஈறை யார் பார்த்தார்கள்? டாக்டரும் அந்தக் கோட்டைக் காலேஜில் படத்தில் பார்த்ததோடு சரியாம். அதன்பிறகு மற்ற பெண்களையும் வரிசையாக நிற்கவைத்து, சந்தையில் மாட்டுத் தரகன் பல் பார்ப்பதுபோல் ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். பாதிப் பேருக்குமேல் கோடு இருந்தது.

"காரீயம், சிஸ்டர்" என்றார். "தூசியாவும் பொகையாவும் உள்ள போயிருக்கு. ரத்தம் ஊற விடாது. வயித்தப் பிடிக்கும். வயித்துல புள்ள இருந்தா அதுக்கும் போகும், மூளையப் பாதிக்கும்."

அவர் என்னிடம்தான் சொன்னார், ஆனால் சத்தமாகச் சொல்லிவிட்டார். சிரிப்புக்காரி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அந்த ரெண்டும் இதனாலயா சார் போச்சு?" என்றாள்.

டாக்டர் டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தார். "இருக்கலாம்மா" என்றார்.  அந்த இரண்டு தடவையும் அவளுக்குச் சத்துப் போதவில்லை என்று நான்தான் எழுதி அனுப்பினேன். பெரிய ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார்கள். ஷெட்டில் என்ன வேலை செய்கிறாய் என்று ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை. பெண்ணிடம் கேட்பது மாதவிலக்காகிக் கடைசியாகக் குளித்தது எப்போது என்பது மட்டும்தான்.

ஷெட்டுக்காரன் வெள்ளை வேட்டியோடு வெளியே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு ரோஷம் வந்தது.

"என்ன சார் இப்படிப் பேசுறீக? நீங்க ஓட்டுறது பொகையில்லாத வண்டி. அதுக்கு பேட்டரி எங்க இருந்து வருதாம்? ஒலகத்துக்கு நல்லது பண்ணுற தொழிலு சார் இது."

"ஒலகத்துக்கு வர்ற பொகைய எல்லாம் இவளுக மூக்குல விட்டுட்டா ஒலகத்துக்கு நல்லதுதான்" என்றேன். "உன் பொண்டாட்டிய ஒரு மாசம் அந்தச் சட்டி பக்கத்துல நிக்க வையேன்."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். அடுத்த வாரம் முகக்கவசம் தருகிறேன் என்றான். தந்தான். ஆளுக்கு ஒரு கைக்குட்டை, அதிலும் ஏதோ துணிக்கடையின் பெயர் அச்சடித்திருந்தது.

சிரிப்புக்காரி அன்றைக்கே அருவாளைக் கீழே போட்டாள். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியிடம் போய், இவளுக்கு நிழலில் உட்கார்ந்து மிளகு உதிர்க்கிற வேலையாவது கொடு என்று நின்றேன். அந்த ஆளுக்கு ஏற்கனவே இரண்டு பிள்ளைகள். அடுத்த குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் அவன் பெயரை முதலாவதாக எழுதிவிடுவேன் என்றதும் வேலை கிடைத்தது. செவிலியர் வேலையில் சில ஆயுதங்கள் பாடப்புத்தகத்தில் இருக்காது.

அவளை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், காரீயம் எவ்வளவு என்று பார்க்க ரத்தம் கொடுக்க வைத்தோம். அந்தப் பரிசோதனை அங்கே இல்லை, வெளியே அனுப்ப வேண்டும் என்றார்கள். ரிப்போர்ட் வர நாளாகும். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"நான் வேலைய விட்டுட்டேன்ல நர்ஸம்மா. உள்ள போனது போயிருமா?"

"அவ்வளவு சுளுவா போகாது. எலும்புக்குள்ள போயி உக்காந்துக்கிடும். மெதுவாத்தான் எறங்கும். நீ பாலு, முட்டை, கீரைன்னு தின்னு. புதுசா உள்ள போகாம பாத்துக்க."

அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஷெட்டுப் பக்கம் போகும் பாதையையே விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பழைய சேலைகளை எல்லாம் ஓடையில் அலசினாள். கண்ணின் கீழிமையில் லேசாகச் செம்மை தெரிய ஆரம்பித்தது. எனக்கு ஒரே குஷி. ரிப்போர்ட் வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. ஐப்பசி மழையில், எங்கள் சுகாதார நிலையத்திலேயே, மாதம் நிறைந்து ஒரு பெண் பிள்ளை. எடை குறைவுதான், ஆனால் தொண்டை பெரிசு. டாக்டர் ஆளுக்கு ஒரு லட்டு வாங்கிக் கொடுத்தார். ஸ்கூட்டர் வாங்கியபோதுகூட அவர் கொடுக்கவில்லை.

தாயும் பிள்ளையும் லயத்துக்குப் போய்ச் சில நாள் கழித்துப் பார்க்கப் போனேன். மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. லயத்தின் வளைவில் திரும்பும்போதே ஒரு நாற்றம். லாரி டயரைக் கொளுத்திய மாதிரி. அவர்கள் வீட்டு ஓட்டுக்கு மேலே கறுகறு என்று புகை எழும்பிக்கொண்டிருந்தது.

பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் படக்கூடாது என்பது எங்கள் பக்கம் சட்டம் மாதிரி. ஜன்னலை அடைத்துவிடுவார்கள். வெந்நீர் ஊற்றிச் சாம்பிராணி போடுவார்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு மண்சட்டியில் நெருப்புக் கணகணவென்று இருந்துகொண்டே இருக்க வேண்டும். சுக்கு, மிளகு, பூண்டு எல்லாம் பேறுகாலத்துக்கு முன்னாலேயே சேர்த்து வைப்பதுபோல நல்ல விறகையும் சேர்த்து வைப்பார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கண் எரிந்தது. சட்டியில் எரிந்துகொண்டிருந்தது விறகு இல்லை. கறுப்பு வில்லைகள். லாரி பேட்டரியின் பழைய ரப்பர் பெட்டிகளை உடைத்த துண்டுகள். அதன் மேலேயே சாம்பிராணியையும் தூவியிருந்தார்கள். கட்டிலில் சிரிப்புக்காரி, அவள் பக்கத்தில் துணிக்குள் பிள்ளை.

முந்தானையைச் சுற்றிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் மழைக்குள் வீசினேன். கை கொப்பளித்தது. அப்புறம் ஜன்னலில் அடைத்திருந்த சாக்கைப் பிடுங்கினேன். மாமியார் என் மேல் பாய்ந்தாள்.

"அய்யோ, புள்ளைக்குக் குளிரு கண்டுருமே! நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"ஏத்தா, ஒனக்குக் கிறுக்கா? எந்த எமனுக்கிட்ட இருந்து இவள இழுத்துட்டு வந்தமோ அவனையே கட்டுலுக்கு அடியில உக்கார வச்சிருக்கியே!"

"காரீயத்த எல்லாம் ஷெட்டுலயே உருவிக்கிடுவாக. இது வெறும் பெட்டி. ஒவ்வொண்ணையும் ஓடையில நாந்தான் கழுவுனேன். வெயில்ல காயவச்சு, துடைச்சு அடுக்கி வச்சேன். நீ வேணா வந்து பாரு."

வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கூரையின் இறவாரத்துக்குக் கீழே மழை படாமல் கறுப்புப் பெட்டிகள் வரிசையாக, கோயிலில் தேங்காய் அடுக்கிய மாதிரி சுத்தமாக இருந்தன. மருமகளுக்கு நாள் தள்ளிப்போனதிலிருந்து ஷெட்டிலிருந்து ஒன்றிரண்டாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். கழுவினால் காரீயம் போய்விடும் என்று சிரிப்புக்காரியும் நம்பிவிட்டாள், ரப்பரில் ஊறியது போகாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மழைக்காலத்தில் விறகு நமுத்துப்போகும். காட்டுக்குள் சுள்ளி பொறுக்கப் போனால் வனத்துறைக்காரன் பிடிப்பான். இது சும்மா கிடைத்தது, சட்டென்று பற்றியது, வெகுநேரம் நின்று எரிந்தது.

"மொத ரெண்டும் குளிரு கண்டுதான் போச்சுக" என்றாள். இப்போது அவள் கத்தவில்லை. "அப்ப ஏங்கிட்ட காஞ்ச வெறகு இல்ல. அதான் இந்தத் தடவ வெள்ளனே சேத்து வச்சேன். இதாவது தங்கட்டும்னு."

அவளைத் திட்டுவதற்கு என்னிடம் ஒரு மூட்டை வார்த்தை இருந்தது. ஆனால் அந்தக் கிழவியைக் கட்டிக்கொண்டு அழத்தான் தோன்றியது. அழவும் நேரமில்லை. அறை குளிர்ந்துகொண்டிருந்தது, எடை குறைந்த பிள்ளைக்குக் குளிர் ஆகாது என்று அவள் சொன்னது உண்மைதான்.

சிரிப்புக்காரியின் புருஷன் வாசலில் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நின்றான்.

"ஏலே, நின்னுக்கிட்டு இருக்காத. எங்கூட வா வெரசா" என்று அவனை இழுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். அங்கே உலர்ந்த மரம் என்று சொல்ல, சுவரில் சாய்த்து வைத்திருந்த குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரப் பலகை ஒன்றுதான். மரச்சட்டத்தில் தகரம் அடித்து, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நான்கு பேரும் பல் தெரியச் சிரிக்கிற படம். தேக்குச் சட்டம், கனமான கால்கள். தகரத்தை உரித்துவிட்டு மரத்தை உடைத்தோம். மருந்து வந்த கள்ளிப்பெட்டிகளையும் உடைத்தோம். குடும்பக் கட்டுப்பாட்டுப் பலகையை எரித்துப் புதிதாகப் பிறந்த பிள்ளைக்குக் குளிர் போக்கிய நர்ஸ் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். தகரமும் வீணாகவில்லை. அந்தச் சின்னக் குடும்பம் மீதி விறகு நனையாமல் காத்துக்கொண்டு வெகுகாலம் லயத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. பலகையைக் கரையான் அரித்துவிட்டது என்று எழுதினேன். டாக்டர் நமட்டுச் சிரிப்போடு கையெழுத்துப் போட்டார்.

அறை சூடானதும் பிள்ளை வீறிட்டு அழுதது. "பசிக்குது. எடுத்துப் பால் குடு" என்றேன். சிரிப்புக்காரி நெஞ்சை முந்தானையால் இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். ஈரம் கசிந்து சேலை நனைந்திருந்தது.

"ஏலாது நர்ஸம்மா" என்றாள். "எலும்புக்குள்ள உக்காந்திருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. காலையிலதான் நெனைச்சுப் பாத்தேன். அது பால்ல எறங்காதா?"

விடிந்ததிலிருந்து பிள்ளைக்குச் சீனித்தண்ணீரைத்தான் துணியில் நனைத்துக் கொடுத்திருக்கிறாள். தாய்ப்பாலைப்பற்றி நான் பேசாத கூட்டம் இல்லை. பால்வாடியில், பள்ளிக்கூடத்தில், ஒருமுறை மைக் கிடைத்தது என்பதற்காக மாரியம்மன் திருவிழாவில்கூடப் பேசியிருக்கிறேன். அன்று அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கொடு என்று சொல்லி விஷம் போனால்? கொடுக்காதே என்று சொல்லி, இந்த மழையில், இந்த எடையில், பவுடர் பாலும் ஓடைத் தண்ணீருமாக வயிற்றுப்போக்கு வந்தால்? இரண்டில் எதைச் சொன்னாலும் சொன்னது நானாக இருக்கும். 

புருஷனை டாக்டரிடம் அனுப்பினேன். காய்கறி ஜீப்பில் தொற்றிக்கொண்டு டாக்டர் வந்தார். பிள்ளையைப் பார்த்தார், மறுபடி மழைக்குள் இறங்கிப் போனார். செல்போன் சிக்னல் எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வளைவில்தான் எடுக்கும். அங்கே ஒரு பாறைமேல் ஏறி நின்று, குடையைப் பிடிக்கவும் தெரியாமல் போனைப் பிடிக்கவும் தெரியாமல், தனக்குப் பாடம் எடுத்த மதுரைப் பேராசிரியரிடம் கத்திப் பேசினார். நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். பிள்ளை அழுதது. மாமியார் சாமி படத்துக்கு எதிரே போய் நின்றுகொண்டு சாமியையும் என்னையும் மாற்றி மாற்றித் திட்டினாள்.

டாக்டர் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தார்.

"பால்ல வரும், ஆனா கொஞ்சந்தான் வருமாம். இந்த நெலமையில குடுக்காம இருக்குறதுதான் பெரிய ஆபத்துன்னு சொல்லுறார். குடுக்கச் சொல்லுங்க சிஸ்டர். மழை விட்டதும் ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்துருவோம்."

அவள் என்னைப் பார்த்தாள். "குடு தாயி" என்றேன். பிள்ளை கப்பென்று பிடித்துக்கொண்டது. அவள் அழுதாள், நானும் அழுதேன். டாக்டர் கூரையைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றார்.

பழைய ரிப்போர்ட்டும் புதியதும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தன. ரத்தத்தில் காரீயம் இருந்தது. தாய்க்கு நிறைய, பிள்ளைக்குக் கொஞ்சம். தாய்க்கு மதுரையில் வைத்து மருந்து கொடுத்தார்கள். பிள்ளைக்கு மருந்து தேவையில்லை, கவனமாக வளர்க்கணும் என்றார்கள். கொஞ்சம் என்றால் என்ன செய்யும் என்று கேட்டேன். நடப்பதில், பேசுவதில், படிப்பதில் பின்தங்கலாம், பின்தங்காமலும் இருக்கலாம், வளர்ந்தால்தான் தெரியும் என்றார்கள். இதைக் கேட்க நானும் அவளும் இரண்டு பஸ் மாறிப் போயிருந்தோம். அன்றிலிருந்து சிரிப்புக்காரிக்குப் பிள்ளை வளர்ப்பது என்பது பிள்ளையைக் காவல் காப்பதாக ஆகிவிட்டது. தவழக் கொஞ்சம் தாமதமானால் மலையேறி என்னிடம் வந்துவிடுவாள். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் வந்துவிடுவாள். "இது காரீயமா நர்ஸம்மா?" என்பாள். ஒருநாள் பிள்ளை மண்ணைத் தின்றதற்கும் அதையே கேட்டாள். மண்ணைத் தின்னாத பிள்ளையை இந்த மலையில் நான் பார்த்ததில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

டாக்டர் மேலே எழுதிப்போட்டு, அதிகாரிகள் வந்து, ஷெட்டைப் பூட்டினார்கள். லயத்தில் வெடி வெடிக்காததுதான் குறை. மாதம் ஒன்று ஆவதற்குள் ஷெட்டுக்காரன் கீழே வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் புதுக் கொட்டகை போட்டுவிட்டான். காலையில் ஜீப் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போனது. எங்கள் ஓடை தப்பித்தது. பெண்கள் தப்பிக்கவில்லை.

அந்த ஜீப்பில் போனவர்களில் சிரிப்புக்காரியின் அடுத்த வீட்டுக்காரியும் ஒருத்தி. அவளும் அப்போது முழுகாமல் இருந்தாள். புருஷன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தான். கங்காணியிடம் அவளுக்காகவும் போய் நின்றேன். இந்தத் தடவை மிரட்டல் எடுபடவில்லை. மிளகுக் காலம் முடிந்துவிட்டது, வேலையே இல்லை. போகாதே என்று அவளிடம் கெஞ்சினேன்.

"போகாட்டி யாரு சோறு போடுவா, நீங்க போடுவீங்களா?" என்று கேட்டாள். என்னால் ஒரு வாரம் போட முடிந்தது. அதற்கப்புறம் அவள் ஜீப்பில் ஏறினாள். பிள்ளை பெறும் மாதம்வரை போனாள். அவளுக்கும் பெண் பிள்ளைதான், அழகான பிள்ளை.

இரண்டு பிள்ளைகளும் வளர்ந்தன. சிரிப்புக்காரியின் மகள் பால்வாடிக்குப் போக ஆரம்பித்த புதிதில் ஒருநாள் காலையில் அவள் என் வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"பால்வாடி டீச்சர் வரச் சொல்லிவிட்டாங்க. புள்ளையப் பத்தி ஏதோ சொல்லணுமாம். எனக்குத் தனியாப் போக ஏலாது நர்ஸம்மா, நீங்களும் வாங்க."

வழி முழுக்க என் கையை விடவில்லை.  நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டு நடந்தேன். பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பயிற்சி இருக்கிறது, மதுரையில் டாக்டர்கள் இருக்கிறார்கள் என்றேன். சொன்னது எதையும் நானே நம்பவில்லை.

டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் புள்ளைய என்னால சமாளிக்க முடியலம்மா. வாய் ஓயுறதே இல்ல. ஒரு பாட்டு முழுசாப் பாட விட மாட்டேங்குது, நடுவுல ஏன் எதுக்குன்னு கேள்வி. நான் முட்டைய எண்ணி வச்சா திருப்பி அது எண்ணிப் பாக்குது. ஒண்ணு கொறையுதுன்னு ஆயாகிட்டயும் சொல்லுது, ரோட்டுல போறவுககிட்டயும் சொல்லுது. கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

குறைகிற முட்டை எங்கே போகிறது என்று எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அன்று அதைக் கேட்கவில்லை. சிரிப்புக்காரி வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். டீச்சர் பயந்துபோய், "அடிச்சிராதீக, சின்னப்புள்ளதான" என்றாள். அழுகைக்கு நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் வாய் நிறைய, லயத்தின் அந்தக் கோடிவரை கேட்கிற மாதிரி சிரித்தாள்.

மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். பிள்ளை வழியெல்லாம் பேசியது. டீச்சர் முட்டையைப் பையில் போட்டதைச் சொன்னது, ஓணானுக்கு ஏன் மீசை இல்லை என்று கேட்டது, பாட்டு ஒன்றை ஆரம்பித்து நடுவில் விட்டது. சிரிப்புக்காரி ஒவ்வொன்றுக்கும் "ஆமா, சொல்லு, சொல்லு" என்று ஊக்கிக்கொண்டே வந்தாள். லயத்துக்குள் நுழைந்தோம். அடுத்த வீட்டு வாசலில் அந்த வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. ஏறக்குறைய இதே வயது. இன்னும் அம்மா என்றுகூடச் சொல்ல வரவில்லை. பக்கத்தில் அதன் தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்புக்காரி மகளின் வாயைக் கையால் மெல்லப் பொத்தினாள்.

"இந்த வாசலத் தாண்டுற வரைக்கும் பேசாம வாடி" என்றாள்.